ஏழு பேரில் ஒருத்தி

பிப்ரவரி 8, 2025

நூலகத்தில் இருப்புச் சரிபார்ப்பு இன்றோடு முடிந்தது. காணாமல் போனவற்றில் பாதிக்கு மேல் வேதியியல். வேதியியலை யார் திருடுகிறார்கள்? பொன்னேரியிலிருந்து வரும்போது பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. அதைத் தவிர எழுத ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

வாசல் முழுக்கச் செருப்புகள். உள்ளே மகள் அர்ச்சனாவின் கபடிக் குழு, ஏழு பேரும். எல்லோரும் எட்டாம் வகுப்பு, எல்லோரும் இந்தக் குப்பத்துப் பிள்ளைகள். பொன்னேரிப் போட்டியில் ஜெயித்திருக்கிறார்கள். பரிசாக வந்த கோப்பையிலேயே டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெயித்ததைவிடப் பெரிய செய்தி வேறு. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியின் விளையாட்டு மாஸ்டர், சகாதேவன் என்று பெயராம், ஆட்டம் முடிந்ததும் இவர்களிடம் வந்திருக்கிறார். ஜூனில் ஒன்பதாவதுக்கு ஒருத்தருக்கு இடம் தருகிறாராம். விடுதி, சாப்பாடு, ரப்பர் விரிப்பில் பயிற்சி, எல்லாம் பள்ளியின் பொறுப்பு.

"ஒருத்தருக்குன்னுதான் ஆன்ட்டி சொன்னாரு," என்றாள் ஐஸ்வர்யா. "ஆனா எங்க மூஞ்சியே பாக்கல. இவ காலப் பாத்துதான் பேசுனாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அர்ச்சனாவும்தான். ரைடு போவது அவள். எதிரணிக்குள் புகுந்து, தொட்டுவிட்டு, பிடிபடாமல் திரும்புகிற கால் அவளுடையது.

பிப்ரவரி 9

அவள் போக வேண்டும். யோசிக்க இதில் ஒன்றும் இல்லை. இங்கே பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இடம் காலியாகி எத்தனையோ நாளாயிற்று. பிள்ளைகள் மணலில் தாங்களே கோடு கிழித்து, தாங்களே விசில் ஊதி ஆடிக் கற்றதுதான் எல்லாம்.

இவரிடம் சொன்னேன். வலையில் சிக்கிய பாசியை உதறிக்கொண்டே "போவட்டும்" என்றார்.

பிப்ரவரி 11

நம்ப முடியவில்லை. குலுக்கிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஏழு பேர் பெயரையும் எழுதி, டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கி, ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏரியில் எந்தப் பாடு, அதாவது எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதற்குக் கோயில் வாசலில் ஆண்கள் சீட்டுப் போடுகிறார்களே, அதே முறை. குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது வரைக்கும் அதே.

வந்த பெயர் தேவகி.

தேவகி கார்னரில் நிற்பவள். தடித்த, அமைதியான பெண். உள்ளே வருகிறவளைப் பிடிப்பாள். ரைடு போகச் சொன்னால் நின்ற இடத்திலேயே நிற்பாள்.

"அவர் உன்னத்தானேடி கேட்டாரு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா குலுக்குனீங்க?"

"அன்னிக்கு நான் ரெண்டு வாட்டி அவுட்டும்மா. ரெண்டு வாட்டியும் தேவகி ஆளைப் புடிச்சதாலதான் நான் திரும்பி உள்ள வந்தேன். அவ புடிக்கலன்னா என் கால அந்த மாஸ்டர் எப்டிப் பாத்திருப்பாரு?"

சீட்டுகளை எழுதியது இவளேதானாம், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால்.

பிப்ரவரி 12

இவர் கட்சி மாறிவிட்டார். மூன்று நாள் முன்னால் "போவட்டும்" என்றவர் இன்று, "சீட்டு வுழுந்துடுச்சுன்னா வுழுந்ததுதான்" என்கிறார்.

"இது இறால் இல்லை. திறமை."

"எனக்குத் தெரியாதா? நல்லா வலை கட்டறவனுக்குத்தான் நல்ல எடம்னு வெச்சிருந்தா, ஊர்ல நாலு வூட்லதான் ஒலை எரியும். அந்த நாலுல நம்ம வூடு இருக்காது."

உண்மைதான். இவர் சுமாரான மீனவர். அதை இவரே சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமையும் உண்டு.

நான் கல்லூரிக்குப் போனது மதிப்பெண்ணால். வேலைக்குப் போனது தேர்வால். என் பெயரை யாரும் குலுக்கி எடுக்கவில்லை. ஆனால் இருபது வருஷமாக நான் சாப்பிடும் சோற்றில் பாதி சீட்டில் வந்த சோறு. இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு இருக்க முடிந்திருக்கிறது, இதுவரை.

பிப்ரவரி 16

தேவகியின் அம்மா கலைவாணியைப் பார்க்கப் போனேன். ஏலக் கொட்டகைக்குப் பக்கத்தில் குந்தி, உயிர் நண்டுகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சுற்றி வளைத்துப் பேசினேன். சீட்டில் விழுந்த பாட்டை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது வழக்கத்தில் உண்டுதானே என்றேன்.

"உண்டு. வலை கட்டறவங்க ரெண்டு பேரும் பேசி மாத்திப்பாங்க. பொண்டாட்டி வந்து கேட்டு மாத்துனதா எங்கனா கேட்டிருக்கியா நாயகி?"

"பிள்ளைங்க சின்னப் பிள்ளைங்க, கலா. அவங்களுக்கு என்ன தெரியும்?"

"அப்டியா." நண்டின் கொடுக்கை மடக்கிக் கட்டினாள். "உம் பொண்ணு பேரு வந்திருந்தா, எம் பொண்ணுக்கு மாத்திக் குடுக்கறேன்னு வந்திருப்பியா? படிச்சவ, நீயே சொல்லு."

உருண்டு வந்த நூல்கண்டை அவள் பக்கம் தள்ளினேன்.

"வந்திருக்க மாட்டேன்."

"ஆங். நெஜத்தச் சொன்னே பாரு, இதுக்கோசரம் ரெண்டு நண்டு எடுத்துனு போ."

எடுத்துக்கொண்டுதான் வந்தேன். குழம்பு நன்றாக இருந்தது.

மார்ச் 2

சகாதேவன் மாஸ்டர் பைக்கில் வந்தார். பிள்ளைகள் வரிசையாக நின்று தேவகியை முன்னால் தள்ளினார்கள். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபின் என்னிடம் வந்தார். அர்ச்சனாவின் அம்மா, படித்த அம்மா என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"மேடம், நான் ரைடர் கேட்டேன். இவங்க குலுக்கல்ல கார்னரக் குடுக்கறாங்க. எங்கயாவது உண்டா?"

"இங்கே உண்டு" என்றேன். நான் யார் பக்கம் பேசுகிறேன் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அவர் தேவகியை நிறுத்தி, மற்றவர்களை ஒவ்வொருவராக ரைடு போகச் சொன்னார். கடைசியாக அர்ச்சனா. முதல் தடவை தப்பினாள். இரண்டாம் தடவை தேவகி கணுக்காலைப் பிடித்துவிட்டாள். மாஸ்டர் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றார்.

போகும்போது என்னிடம் சொன்னார்: "சரி, கார்னரும் வேணுந்தான். கூட்டாளி வந்துட்டா அடுத்த வருஷம் உங்க பொண்ணும் தானா வரும்."

மனிதர் எதையும் ஒளிக்கவில்லை. அது ஒரு நல்ல குணம்தான்.

மார்ச் 9

அர்ச்சனாவுக்கு வருத்தமே இல்லையா? இருந்தால் காட்டமாட்டாளா? தலை பின்னும்போது கேட்டேன். "இழுக்காதம்மா வலிக்குது" என்றாள். அவ்வளவுதான்.

நானே நேராகப் போய் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வாங்கி, இன்னொரு நல்ல பள்ளியில் சேர்த்துவிடலாம். யாரும் தடுக்க முடியாது. சட்டப்படி எனக்கு உரிமை இருக்கிறது. அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவும் வேண்டியிருக்கும்.

ஜூன் 2

தேவகி போனாள். பேருந்து நிற்கும் இடத்தில் ஒரு தகரப் பெட்டி, ஒரு புதுத் தலையணை. கலைவாணி அழுதாள். "இன்னாத்துக்குமா அழுவற, மீஞ்சூர்தானே, சிங்கப்பூருக்கா போறேன்?" என்று தேவகி அதட்டினாள். ஆறு பேரும் பேருந்தின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினார்கள்.

கார்னரில் இனி ஐஸ்வர்யா. ஏழாவது ஆளாகக் கீழ் வகுப்புப் பிள்ளை ஒருத்தி.

ஜூலை 6

தேவகி ஞாயிறு விடுமுறையில் வந்திருந்தாள். ரப்பர் விரிப்பில் விழுந்து முழங்காலெல்லாம் தேய்ந்திருக்கிறது. சாம்பார் தண்ணீராக இருக்கிறதாம். மீனே கிடையாதாம். அர்ச்சனாவும் அவளும் வாசற்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். கேட்டும் கேட்காமலும் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அங்க ஆடாதவங்கள வெச்சினு இருக்கமாட்டாங்கடி. போன வருசம் ஒருத்தி காலு ஒடிஞ்சு குந்தினா. இந்த வருசம் அவ இல்ல."

இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஜூலை 19

தலைமையாசிரியர் கேசவன் சார் பள்ளிக்கு வரச் சொன்னார். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நான் தலைவி. வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் வந்த பதவி.

செப்டம்பரில் பள்ளிகளுக்கான கோப்பைப் போட்டி ஒன்றை ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. எங்கள் பிள்ளைகளும் ஆடுகிறார்கள், மீஞ்சூரும் ஆடுகிறது. அதன் விதி: பள்ளி மாறிய பிள்ளை அந்த வருஷம் ஆடக்கூடாது. பழைய பள்ளி தடை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் ஆடலாம். தேவகிக்காக மீஞ்சூரிலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

"இந்த விதி ஏன் சார்?"

"வசதியான ஸ்கூலெல்லாம் நல்லா ஆடற பிள்ளைங்கள வருஷா வருஷம் அள்ளிட்டுப் போயிடுதும்மா. நம்ம மாதிரி ஸ்கூலுக்கு ஒரு பாதுகாப்பு."

"அப்போ நீங்க கொடுக்கப் போறதில்லையா?"

"அப்படிச் சொல்லல. அந்தப் பிள்ளை பாவம். ஆனா குடுத்தா ஊர்ல என்னைக் கேப்பாங்க. குடுக்கலன்னா கலைவாணி வந்து கத்துவாங்க. நீங்க குழு சார்பா ஒரு முடிவு சொல்லிட்டீங்கன்னா நான் அப்படியே செஞ்சுடறேன். நானே மாறுதல் கேட்டு எழுதிப் போட்டிருக்கேன், திருவள்ளூர்ப் பக்கமா. போற நேரத்துல பொல்லாப்பு எதுக்கு?"

அவர் மாறுதல் கேட்கலாம். கிடைத்தால் மறுநாளே அங்கே பாடம் நடத்தலாம். ஒரு வருஷம் சும்மா உட்காரும்படி யாரும் சொல்லப் போவதில்லை. இது வரும் வழியில்தான் தோன்றியது.

ஜூலை 20

அர்ச்சனாவிடம் சொன்னேன். குலுக்கல் சீட்டைத் தானே எழுதிக் கொடுத்தவள், உடனே "குடும்மா" என்பாள் என்று நினைத்தேன்.

"குடுக்காத."

"ஏன்?"

"அவளுக்கு என் கால் தெரியும்மா. எந்தக் கால் முதல்ல போவும், எப்ப திரும்புவேன், எல்லாம். வேற யாராயிருந்தாலும் பரவாயில்ல."

"அவ ஆடலைன்னா அங்கே வெச்சுக்க மாட்டாங்கன்னு உன்கிட்டதானே சொன்னா?"

"போறப்ப நாங்க தடுத்தமா? போன்னு அனுப்பிதானே வெச்சோம்? எங்களையே வந்து புடின்னா அனுப்புனோம்?" குரல் உடைந்தது. "நீ எனக்கு அம்மாவா, அவளுக்கு அம்மாவா?"

இவர் எழுந்து வெளியே போகும் முன் சொன்னார்: "ஊரு மாறிப் போனவனுக்கு இங்க பாடு கெடையாது நாயகி. வெரட்டறது இல்ல. சீட்டுல பேரு வெக்கறது இல்ல, அவ்ளோதான்."

ஜூலை 22

இரண்டு நாளாக எழுதிக் கொடுக்காமல் இருக்கிறேன். வேலை அதிகம் என்று கேசவன் சாருக்குச் செய்தி அனுப்பினேன். வேலை ஒன்றும் இல்லை.

பிப்ரவரியில் நான் என்ன சொன்னேன்? ஒரு பிள்ளைக்கு வாய்ப்பு வந்தால் மறிக்க யாருக்கும் உரிமை இல்லை என்றேன். வாயால் சொல்லவில்லை, ஆனால் அதுதான். இப்போது வாய்ப்பு அதே. பிள்ளைதான் வேறு. ஆள் மாறினால் என் நியாயம் மாறுமா? மாறியது. இரண்டு நாள் நன்றாகவே மாறியிருந்தது. விதி என்று ஒன்று இருக்கிறது, சிறிய பள்ளிகளின் நன்மைக்குத்தானே என்றெல்லாம் ஓடியது. அர்ச்சனாவுக்கு அந்த இடம் வந்திருந்தால் இந்த விதியை நான் என்ன பெயர் சொல்லி அழைத்திருப்பேன்?

இன்று பேருந்தில் கலைவாணி இருந்தாள். கூடையோடு முன்னால். என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. கத்தவும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூலை 24

எழுதிக் கொடுத்துவிட்டேன். தடை இல்லை.

பெருந்தன்மை ஒன்றும் கிடையாது. மறுக்க ஒரு காரணம் தேடினேன். எனக்காக என்பதைத் தவிர வேறு காரணம் அகப்படவில்லை.

ஜூலை 25

அர்ச்சனா சாப்பிடவில்லை. கதவருகில் நின்று, "கலா அத்தகிட்டப் போய் இன்னும் ரெண்டு நண்டு வாங்கினு வா" என்றாள்.

ஆகஸ்ட் 3

பேசவில்லை.

ஆகஸ்ட் 17

நூலகத்தில் புதுப் புத்தகங்களுக்கு எண் ஒட்டினேன். மழை வரும் போல இருந்தது, வரவில்லை. பிள்ளைகள் ஏரிக்கரையில் தினமும் ஆடுகிறார்கள். ஐஸ்வர்யா நன்றாகப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறாள் என்று இவர் சொன்னார். அர்ச்சனா திரும்பும் பக்கத்தை மாற்றிப் பழகுகிறாளாம். இவரிடம் பேசுகிறாள். "நைனா, தண்ணி குடு," "நைனா, நூறு ரூபா குடு." என்னிடம் மட்டும் இல்லை. ஒரே வீட்டில் இது எப்படிச் சாத்தியம் என்றால், சாத்தியம்தான்.

செப்டம்பர் 20

பொன்னேரி மைதானம். அரையிறுதி. குப்பத்திலிருந்து இரண்டு வேன் நிறைய வந்திருந்தார்கள். நான் குடையோடு ஓரமாக உட்கார்ந்தேன். கலைவாணி எதிர்ப்புறம், மீஞ்சூர்ப் பிள்ளைகளின் பெற்றோர் நடுவில், யாரோடும் பேசாமல்.

எனக்குக் கபடி பெரிதாகத் தெரியாது. தெரிந்தவரை எழுதுகிறேன். முதல் பாதியில் அர்ச்சனா பறந்தாள். பக்கம் மாற்றிப் பழகியது வேலை செய்தது. தேவகியின் கை இரண்டு முறை காற்றைத்தான் பிடித்தது. "அப்டிப் போடு! மீஞ்சூருக்கு டிக்கெட் எடு!" என்று எங்கள் பக்கம் கத்தினார்கள். சகாதேவன் மாஸ்டர் தேவகியிடம் ஏதோ சொல்ல, அவள் தலையாட்டினாள். கேட்டமாதிரி தெரியவில்லை. அவள் பார்வை முழுக்க அர்ச்சனாவின் கால்களில் இருந்தது.

இரண்டாம் பாதியில் பிடித்தாள். மறுபடி பிடித்தாள். கடைசி ரைடில் ஒரு புள்ளி தேவை. அர்ச்சனா நடுக்கோட்டை எட்டக் கை நீட்டிவிட்டாள். விரலுக்கும் கோட்டுக்கும் நடுவே இருந்த மணலை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். பின்னால் தேவகி அவள் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகம் மண்ணில் புதைந்து கிடந்தாள். விசில் ஊதினார்கள், தோற்றுவிட்டோம்.

தேவகி எழுந்து குதித்தாள். நன்றாகவே குதித்தாள், வாய்விட்டுக் கத்தினாள். பிறகு கீழே யார் கிடக்கிறாள் என்று பார்த்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு ஆண் குரல்: "கையெழுத்துப் போட்ட மகராசி எங்க குந்தினு இருக்கறாங்க?" யாரும் சிரிக்கவில்லை.

நான் குடையை மடக்கவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

செப்டம்பர் 22

கடையில் பால் வாங்கப் போனேன். முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கடைக்காரர் பால் கொடுத்தார்.

செப்டம்பர் 28

இவர் இன்று வலை தைத்துக்கொண்டே, யாரிடமோ பேசுவதுபோல் சொன்னார்: "நீ எழுதிக் குடுக்கலன்னா அந்தப் பொண்ணு ஓரமா குந்தினு இருந்திருக்கும். நம்ம பொண்ணு அது மூஞ்சப் பாத்துனே ஆடியிருக்கணும். கெலிச்சாலும் பேஜாருதான்."

இதற்கு மேல் இவரிடமிருந்து வராது. போதும்.

அக்டோபர் 5

சகாதேவன் மாஸ்டர் தொலைபேசியில் அழைத்தார். ஜூனில் அர்ச்சனாவுக்குத் தனியாக ஒரு இடம். "இந்தத் தடவை குலுக்கல் வேணாம் மேடம்" என்று சிரித்தார். அவளிடம் சொல்கிறேன் என்றேன். பிப்ரவரியில் இதே அழைப்பு வந்திருந்தால் அன்றைக்கே பெட்டி வாங்கியிருப்பேன்.

அர்ச்சனா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஜூலைக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் கேள்வி கேட்டாள்.

"நான் போனா, எனக்கும் எழுதிக் குடுப்பியா? ஐசு, மத்தவங்க எல்லாம் வேணாம்னு சொன்னாலும்?"

"கொடுப்பேன்."

"ஊரே கத்துனாலும்?"

"இப்பவே கத்திட்டுத்தானே இருக்காங்க."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அடக்கிக்கொண்டாள். போகிறாளா இல்லையா என்று நான் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அக்டோபர் 20

தீபாவளி. காலையில் தூறல், பிறகு வெளுத்தது. தேவகி நான்கு நாள் விடுமுறையில் வந்திருக்கிறாள். காலை முழுக்கத் தன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. கலைவாணி அதிரசம் கொடுத்தனுப்பினாள், யார் கையிலோ.

மாலையில் அர்ச்சனாவைக் காணோம் என்று ஏரிக்கரைப் பக்கம் போனேன். ஈர மணலில் கோடு கிழித்திருந்தது. பழைய ஏழு பேரும் இருந்தார்கள், புதுத் துணியெல்லாம் சேறு. அர்ச்சனா குப்புறக் கிடந்தாள். தேவகி அவள் கணுக்காலைப் பிடித்திருந்தாள். அர்ச்சனா முழங்கையால் ஊன்றி ஊன்றி, கோட்டை நோக்கித் தன்னை இழுத்துக்கொண்டிருந்தாள்.

தேவகியின் பிடி தளர்ந்தது. பாவம் பார்த்திருக்க வேண்டும்.

"வுடாதடி!" என்று கத்தினாள் அர்ச்சனா. "ஒழுங்காப் புடி. அன்னிக்குப் புடிச்ச மாதிரி புடி."

தேவகி மறுபடி இறுக்கிப் பிடித்தாள். நான் திரும்பி வந்து, சேற்றுத் துணிக்கு வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தேன்.